பட்டாளத்துல இருந்து வந்தவன் பஞ்சாயத்து பிரசிடெண்ட் எலெக்‌ஷன்ல நிக்கலாமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

ஆலங்குடி_ஹவில்தார்:

எல்லாருக்கும் வணக்கம். நான் எம்இஜி, அதாவது ஆர்மியோட இன்ஜினியர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ்ல ஹவில்தாரா இருந்து பென்சன் வந்தவன், சொந்த ஊரு புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி பக்கம் ஒரு கிராமம். சர்வீஸ்ல இருந்த வரைக்கும் அரசியல் பக்கம் தல வச்சு படுத்ததில்ல, படுக்கவும் கூடாது, மீட்டிங்குக்கு கூட போகக்கூடாதுங்கறது ஆர்மி ரூல். வந்து வீடு கட்டலாம்னு செங்கல் இறக்கி வச்ச நேரத்துல கஜா புயல் வந்துருச்சு. 2018 நவம்பர் 16 விடியக்காலை, எங்க பக்கத்து ஆளுங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, தென்னை பலா எல்லாம் வேரோட சாஞ்சு ரோடு எங்க இருக்குன்னே தெரியல. மரம் அறுக்கற மிஷின வாடகைக்கு எடுத்துட்டு வந்து ஊர்ப் பசங்கள மூணு பார்ட்டியா பிரிச்சேன், ஒரு பார்ட்டி அறுக்க, ஒரு பார்ட்டி இழுத்துப் போட, இன்னொண்ணு ஈபி ஆளுங்க கூட சேந்து போஸ்ட்டு தூக்க. வெளி மாவட்டத்துல இருந்து வந்த ஈபிகாரங்களுக்கு எங்க தெருவுலதான் சாப்பாடு.

அப்படி சேந்த கூட்டம் கலையவே இல்ல. பேராவூரணி பக்கம் இளைஞர்கள் சேந்து பெரியகுளம் ஏரிய தூர்வாருனத பாத்து எங்க ஊர் குளத்தையும் கையில எடுத்தோம். சின்னக் குளம்தான், ஒன்றியத்து குளம், அனுமதி வாங்கி வண்டல் மண்ண வயலுக்கே அடிச்சுக்கிட்டாங்க, வயலுக்கு தண்ணி விடற மடையையும் மிச்சத் தண்ணி வெளியேறற கலிங்கையும் நானே பக்கத்துல நின்னு கட்டி முடிச்சேன். இது போக ராணுவ பென்சனுக்கு ஸ்பார்ஷ்னு ஆன்லைன் முறை வந்ததுல இருந்து சுத்துப்பட்டுல இருக்கற பட்டாளத்துக்காரங்க வீட்டு விதவை அம்மாக்களுக்கு லைஃப் சர்டிபிகேட் போட்டுக் குடுக்கறதும் நம்ம வேலையாயிடுச்சு. ஆதார்ல ஒரு பேரு, பென்சன் ஆர்டர்ல (பிபிஓ) ஒரு பேரு, டிஸ்சார்ஜ் புக்குல இன்னொரு பேரு. வயல் வேலை செஞ்ச விரல்ல ரேகை விழாது, ஒவ்வொரு விரலா துடைச்சுத் துடைச்சு வச்சுப் பாக்கணும், விழுந்துருச்சுன்னா அந்த அம்மா முகத்துல வர்ற சிரிப்பு இருக்கே.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். எங்க மாவட்டத்துல 2025 ஜனவரி 5ஓட ஊராட்சி பதவிக்காலம் முடிஞ்சு தனி அலுவலர் கைக்கு போச்சு. அதுல இருந்தே பசங்க ஆரம்பிச்சுட்டாங்க, "அடுத்த தடவ நீங்கதாண்ணே பிரசிடெண்ட்டு"ன்னு. எனக்கும் ஆச இல்லாம இல்ல. இதுக்கு நடுவுல ஒரு கட்சியோட ஒன்றியச் செயலாளர் வீட்டுக்கே வந்து டீ குடிச்சுட்டு, பிரசிடெண்ட்டு வேணாம், எங்க சின்னத்துல ஒன்றியக் கவுன்சிலருக்கு நில்லுங்க, செலவ நாங்க பாத்துக்கறோம்னு சொல்லிட்டு போயிருக்காரு. வீட்டுல கேட்டா ஒரே பதில்தான், "இத்தன வருஷம் பார்டர்ல இருந்தீங்கன்னு தூக்கம் இல்லாம கெடந்தேன், இப்ப ஊருக்குள்ளயே சண்ட போடப் போறீங்களா". பென்சன் வாங்கறவன் நிக்கலாமா, நின்னா எதுக்கு நிக்கறது, கட்சியா சுயேச்சையா, ஒருவேள எங்க ஊராட்சிய லேடீஸுக்கு ஒதுக்கிட்டா சம்சாரத்த நிறுத்திட்டு நாம வேலைய பாக்கலாமா, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஒன்றிய_ஆபீஸ்_பழைய_ஆளு:

ஹவில்தார் சார், நான் ஒன்றிய ஆபீஸ்ல வேல பாத்து ரிட்டையர் ஆனவன், வேட்புமனு வாங்கற டேபிள்ல உக்காந்த ஆளு. அதனால ரூல்ஸ் பக்கத்த மட்டும் சொல்றேன்.

பென்சன் ஒரு தடையே இல்ல, தாராளமா நிக்கலாம். ஆனா எக்ஸ் சர்வீஸ்மேன் கோட்டாவுல வேற ஏதாவது அரசாங்க வேலைக்கு போயிருந்தீங்கன்னா அத விட்டுட்டுதான் வரணும். வயசு 21 ஆயிருந்தா போதும். டெபாசிட் 2019ல தலைவர் பதவிக்கு 600 ரூபா, வார்டு மெம்பருக்கு 200, எஸ்சி எஸ்டிக்கு அதுல பாதி. செலவு வரம்பு தலைவருக்கு 34,000, மெம்பருக்கு 9,000. சிரிக்காதீங்க, கணக்கு காட்டணும், காட்டாதவங்கள அடுத்து நிக்க விடாம தகுதிநீக்கம் பண்ணிருக்காங்க. வீட்டு வரி தண்ணி வரி பாக்கி இருந்தா இப்பவே கட்டி ரசீத எடுத்து வைங்க. பஞ்சாயத்து வேல எதையாவது காண்ட்ராக்ட் எடுத்து நடப்புல இருந்தாலும் மனு நிக்காது, அந்த குளத்து வேலையில உங்க பேருல பில்லு எதுவும் ஓடலையே?

கட்சி விஷயம் கேட்டீங்க. வார்டு மெம்பரும் ஊராட்சித் தலைவரும் கட்சி சின்னத்துல நடக்கற தேர்தல் இல்ல, பூட்டு சாவி, ஆட்டோ மாதிரி தேர்தல் ஆணையம் குடுக்கற சின்னம்தான். ஒன்றியக் கவுன்சிலரும் மாவட்டக் கவுன்சிலரும்தான் கட்சி அடிப்படை. அந்த ஒன்றியச் செயலாளர் ஏன் உங்கள அங்க இழுக்கறாருன்னு இப்ப புரியும். ஒன்றியத் தலைவர கவுன்சிலருங்கதான் கூடி தேர்ந்தெடுக்கறாங்க, அவருக்கு வேண்டியது உங்க குளமோ உங்க மடையோ இல்ல, அந்த கூட்டத்துல தூக்கறதுக்கு ஒரு கை.

முன்னாள் படைவீரருக்கு தேர்தல்ல தனி ஒதுக்கீடு எதுவும் கிடையாது, அது வேலைக்கும் படிப்புக்கும் மட்டும்தான். நிறைய பேரு இருக்குன்னு நெனச்சுக்கிட்டு வந்து கேப்பாங்க, அதுக்காக சொல்றேன்.

டீக்கடை_பெஞ்சு:

பேசாம பென்சனும் மிலிட்டரி கேண்டீன் கார்டும் வச்சுக்கிட்டு நிம்மதியா இருங்கண்ணே. தலைவருக்கு மதிப்பூதியமே மாசம் ரெண்டாயிரம்தான், உங்க கேண்டீன் மளிகைக்கே பத்தாது. அந்த ரெண்டாயிரம் ரூவா பதவிய கடலூர் மாவட்டத்துல ஏலம் விட்டாங்கன்னு 2019 டிசம்பர்ல நியூஸ் வந்துச்சு, லட்சக்கணக்குல. எடுத்தவன் எங்க இருந்து அத திரும்ப எடுப்பான்னு நீங்களே கணக்கு போட்டுக்கங்க.

வேலூர்_சுபேதார்:

தம்பி, நானும் பட்டாளம்தான், மெட்ராஸ் ரெஜிமெண்ட், வெலிங்டன்ல ட்ரெய்னிங் முடிச்சு கசம், அதாவது சத்தியப் பிரமாணம் எடுத்தவன். எங்க மாவட்டத்துல 2021 அக்டோபர்ல நடந்த தேர்தல்ல தலைவருக்கு நின்னு தோத்தவன். தோத்தவன் பேச்சு வேணாம்னா தாண்டிப் போயிடுங்க.

எங்க பக்கம் பட்டாளத்துக்காரனுக்கு பஞ்சமில்ல, கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு ஆளு அனுப்புன ஊருங்க இருக்கு. அதனால மிலிட்டரிக்காரன்னா மரியாதை இருக்கும், ஓட்டு விழும்னு எல்லாரும் சொன்னாங்க. மரியாதை இருந்துச்சு. நான் வீட்டுக்கு போனா கட்டில்ல துண்டு விரிச்சு உக்கார வப்பாங்க, "உங்களுக்கு இல்லாததா"ன்னு சொல்வாங்க, தலைவருக்கு போட்ட ரோஸ் கலர் ஓட்டுச் சீட்ட எண்ணறப்பதான் தெரிஞ்சுச்சு இல்லன்னு. இதுல காசு மட்டும்னு சொல்லிற முடியாது. ஜெயிச்சவரு எங்க ஊர்ல எந்த கருமாதிக்கும் வராம இருந்ததில்ல, இருவது வருஷமா. நாம அந்த இருவது வருஷமும் வருஷத்துக்கு ரெண்டு மாச லீவுல வந்து போன ஆளு. யாரு யாரோட பேச மாட்டாங்க, எந்த பங்காளி வீட்டு வரப்புத் தகராறு எந்த வருஷம் ஆரம்பிச்சது, எதுவும் நமக்கு தெரியாது. நமக்கு தெரிஞ்சதெல்லாம் நம்ம அம்மா போன்ல சொன்ன பாதி.

இன்னொண்ணு, நீங்க பார்ட்டி பிரிச்சு வேல வாங்குனீங்களே, அது புயல் அடிச்ச நேரம், எவன் சொன்னாலும் கேப்பாங்க. சாதாரண நாள்ல ஆர்டர் போட முடியாது. அதுலயும் பிரசிடெண்ட்டுக்கு வார்டு மெம்பர் யாரும் கீழ வேல பாக்கறவன் இல்ல, அவனும் ஓட்டு வாங்கி வந்தவன். செக்குல தலைவரும் துணைத்தலைவரும் ரெண்டு பேரும் கையெழுத்து போட்டாத்தான் பணம் நகரும். தலைவர ஊரே ஓட்டு போட்டு எடுக்குது, துணைத்தலைவர மெம்பருங்கதான் அவங்களுக்குள்ள எடுக்கறாங்க. தோத்தவன் ஆளு துணைத்தலைவரா வந்து உக்காந்தான்னு வைங்க, மோட்டர் காயில் போயி தெருவுல தண்ணி வராது, பொம்பளைங்க குடத்தோட உங்க வீட்டு வாசல்ல நிப்பாங்க, அவன் கையெழுத்து போட வெளியூர் போயிருப்பான். எங்க பக்கத்து ஊராட்சியில இது கண்ணால பாத்தது. அதனால தலைவருக்கு நிக்கறதா இருந்தா உங்க கூட இருக்கற பசங்கள்ல வார்டுக்கு ஒருத்தர இப்பவே பேசி வைங்க, தனியா நின்னு ஜெயிச்சா ஜெயிச்ச மறுநாள்ல இருந்து தோல்விதான். இல்லேன்னா நீங்களே ஒரு வார்டுக்கு நின்னு துணைத்தலைவரா வந்து ஒரு டேர்ம் உள்ள இருந்து பாருங்க. அது கௌரவக் குறைச்சல் இல்ல, நாமெல்லாம் சிப்பாயில இருந்துதானே வந்தோம்.

அண்ணா ஹசாரே பேரு கேள்விப்பட்டிருப்பீங்க, அவரும் நம்ம ஆளு, ஆர்மியில டிரைவர், 65 பாகிஸ்தான் போர்ல பஞ்சாப் எல்லையில கேம்கரன்ல இருந்தவரு. பென்சன் வந்து மகாராஷ்டிராவுல அவரு ஊரான ராலேகண் சித்தி போயி மழத்தண்ணிய நிறுத்தி ஊர மாத்துனாரு, ஒரு தடவ கூட தேர்தல்ல நிக்கல. அதே மாவட்டத்துல ஹிவரே பஜார்னு இன்னொரு வறண்ட ஊரு, அங்க போபட்ராவ் பவார் 1989ல சர்பஞ்ச்சாவே, அதாவது பஞ்சாயத்துத் தலைவராவே வந்து கெணறுங்கள்ல தண்ணி ஏத்துனாரு, பத்மஸ்ரீ வரைக்கும் போனாரு. ரெண்டு ஊருலயும் தண்ணி ஏறுச்சு. ஆனா எனக்கு பவார் வழிதான் சரின்னு படுது. ஹசாரே ஊர்ல ஹசாரே சொன்னா நடக்கும். பவார் ஊர்ல கிராமசபையில தீர்மானம் போட்டு, போர்வெல் தண்ணியில விவசாயம் பண்ணக்கூடாதுன்னு ஊரே ஒத்துக்கிட்டு நடக்குது. ஆள நம்பி இருக்கறத விட அது மேல்.

நோட்டீஸ்ல யூனிஃபார்ம் போட்டோ போடாதீங்க. 2019 மார்ச்ல இந்திய தேர்தல் ஆணையமே படைவீரங்க படத்த விளம்பரத்துல போடக்கூடாதுன்னு கட்சிகளுக்கு எழுதுச்சு. அது அவங்களுக்கு சொன்னதுதான், ஆனா நமக்கு ஒரு வெக்கம் இருக்கணும்ல.

வார்டு_மெம்பரு_அக்கா:

எல்லாரும் எல்லாத்துக்கும் பதில் சொன்னீங்க, அந்த ஒரு கேள்விய மட்டும் நைசா தாண்டிட்டீங்களே. "சம்சாரத்த நிறுத்திட்டு நாம வேலைய பாக்கலாமா". தம்பி, உங்க நல்ல மனசுல எனக்கு சந்தேகம் இல்ல, ஆனா இத எழுதறப்ப கை கூசலையா?

நான் ஒரு டேர்ம் வார்டு மெம்பரா இருந்தவ. அம்பது சதவீதம் பொம்பளைங்களுக்குன்னு சட்டம் வந்து 2019 தேர்தல்ல நாங்க பாதிப் பேரு ஜெயிச்சு வந்தோம். மொத கூட்டத்துக்கு போனா மெம்பருங்க உக்கார வேண்டிய நாற்காலியில புருஷன்மாருங்க உக்காந்திருக்காங்க, கையெழுத்து போட வேண்டியவ செவுத்து ஓரமா பாயில. எங்க தலைவியம்மாவுக்கு தீர்மான நோட்டு எந்த பீரோவுல இருக்குன்னே ரெண்டு வருஷம் தெரியாது, பிரசிடெண்ட்னு எல்லாரும் கூப்புடறது அவங்க வீட்டுக்காரரத்தான். கணக்குல ஒரு கேள்வி வந்துச்சு. கலெக்டர் தலைவர நீக்கறதுக்கு 205வது பிரிவுன்னு நோட்டீஸ் அனுப்புனா அது யார் பேருக்கு வரும்? அந்தம்மா பேருக்குத்தான் வந்துச்சு. அப்ப மட்டும் வீட்டுக்காரருக்கு "எனக்கு என்ன சம்பந்தம்".

உங்க வீட்டம்மா வேணாம்னு சொல்றாங்கன்னு நீங்களே எழுதிருக்கீங்க, அவங்கள போயி எப்படி நிறுத்துவீங்க. உங்க பசங்க கூட்டத்துல பொண்ணுங்க எத்தன பேரு? கஜாவுக்கு அத்தன பேருக்கு சமைச்சது யாரு? சுய உதவிக் குழுவுல கணக்கு எழுதற புள்ள ஒண்ணு எல்லா ஊர்லயும் இருக்கும், பேங்க் மேனேஜர்கிட்ட நின்னு பேசறவ. லேடீஸ் சீட்டு வந்துச்சுன்னா அவள நிறுத்தி உங்க கூட்டம் வேல செய்யட்டும். அவ பிரசிடெண்ட்டா இருக்கறப்ப நீங்க கிராமசபையில கீழ உக்காந்து கேள்வி கேக்க முடியுமான்னு யோசிச்சுப் பாருங்க.

ஆலங்குடி_ஹவில்தார்:

அக்கா, நல்லா கேட்டீங்க. நீங்க சொன்ன மாதிரியே குழுவுல கணக்கு எழுதற புள்ள ஒண்ணு இருக்கு, எங்க தூர்வாரற வேலைக்கு வசூல் நோட்டே அதுதான் வச்சிருந்துச்சு. இத எங்க யாருக்கும் தோணல.

சார், குளத்து வேலையில எந்த பில்லும் இல்ல, எல்லாம் வசூல் பண்ணது, வரவு செலவ கோயில் சுவத்துல ஒட்டிட்டோம்.

சுபேதார் சாப், ராம் ராம். நீங்க சொன்னதுல ஒண்ணு மனசுல தச்சிருச்சு, அதனால இங்க யாருகிட்டயும் சொல்லாதத கேக்கறேன். நாங்க குளத்த வெட்டுனோமே ஒழிய வரத்து வாய்க்கால் முழுசா திறக்கல. நடுவுல கொஞ்ச தூரம் எங்க சித்தப்பா வாழை வச்சிருக்காரு, அவருக்கு மேல எங்க எதிர் வகையறா ஆளு ஒருத்தர் கொட்டாய் போட்டிருக்காரு. பசங்க பேசிப் பாத்தாங்க, சித்தப்பா "அவன எடுக்கச் சொல்லு, அப்புறம் நான் எடுக்கறேன்"னாரு, அந்தாளு "மொத அவரு"ன்னாரு. குழி வெட்டி பைப்பு போட்டு சமாளிச்சு வச்சிருக்கோம், நல்ல மழைக்கு பத்தல. நான் சும்மா தொண்டு செய்யற ஆளா இருக்கறப்ப இத கண்டும் காணாம இருந்துட்டேன், பிரசிடெண்ட்டா வந்தா என்ன பண்றது?

வேலூர்_சுபேதார்:

ராம் ராம் தம்பி. இதுதான் எலெக்‌ஷன், மத்ததெல்லாம் நோட்டீஸ் அடிக்கற வேல. தொண்டு செய்யறவன எல்லாரும் புகழறதுக்கு காரணமே அவன் யாரோட வாழையையும் வெட்ட மாட்டான்கறதுதான். பதவிக்கு வந்துட்டா உங்க சித்தப்பா வாழைய விட்டுட்டு அந்தாளு கொட்டாய எடுத்தீங்கன்னா ஊரு ரெண்டாயிடும், ரெண்டையும் விட்டீங்கன்னா பசங்க உங்கள விட்டுப் போயிடுவாங்க. சித்தப்பாவோடத மொதல்ல எடுக்கணும், அதுவும் எலெக்‌ஷனுக்கு முன்னாடியே. ஜெயிச்சு வந்து எடுத்தா பதவித் திமிருன்னு பேசுவாங்க. எடுக்க முடியலன்னா நிக்காதீங்க, குளத்த பாத்துக்கிட்டு இருங்க, அதுவும் நல்ல வேலதான்.

ஒன்றிய_ஆபீஸ்_பழைய_ஆளு:

சுபேதார் ஐயா சொன்னதோட ஒண்ணு சேக்கறேன். நாப்பது ஹெக்டேருக்கு கீழ ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம் இருந்தா அது ஒன்றியத்து குளம்தான், ஆனா புறம்போக்க அளந்து காட்ட வேண்டியது சர்வேயரு, ஆக்கிரமிப்புன்னு கைய வைக்க வேண்டியது வருவாய்த்துறை, தாசில்தார் ஆபீஸ். பிரசிடெண்ட்டு தனியா கடப்பாறையோட போகக்கூடாது. கிராமசபையில அளவை பண்ணக் கேட்டு தீர்மானம் போடுங்க. அதுக்கு பதவி வேண்டியதில்ல, வாக்காளரா இருந்தா போதும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆறு நாளும் கூட்டம் உண்டு, தனி அலுவலர் இருந்தாலும் நடத்தித்தான் ஆகணும். உங்க சித்தப்பா பேரையும் சேத்து நீங்களே எந்திரிச்சு கேட்டீங்கன்னா அந்த எதிர் வகையறா ஆளு வாயடைச்சுப் போவாரு.

அப்புறம், வாக்காளர்னு சொன்னதும் ஞாபகம் வருது. சர்வீஸ்ல இருந்தப்ப உங்க பேரு சர்வீஸ் வோட்டர் லிஸ்ட்டுல இருந்திருக்கும், பாரம் 2ல குடுத்தது. பென்சன் வந்த பிறகு பாரம் 6 குடுத்து ஊர் லிஸ்ட்டுல சேத்தீங்களா? சட்டமன்ற லிஸ்ட்டுல இருந்துதான் ஊராட்சி லிஸ்ட்டே எடுக்கறாங்க, அதுல பேரு இல்லன்னா மனுவ அங்கயே தள்ளிருவாங்க. பட்டாளத்து ஆளுங்க நெறைய பேரு இதுல மாட்டிருக்காங்க, சம்சாரம் பேரு இருக்கும் இவங்க பேரு இருக்காது.

ஆலங்குடி_ஹவில்தார்:

சார், பாரம் 6 குடுத்தேன், போன எம்பி எலெக்‌ஷன்ல ஓட்டும் போட்டேன். ஆனா அட்ரஸ் பழைய வீட்டு நம்பர்ல இருக்கு, புது வீடு அடுத்த வார்டுல வருது. அப்ப வார்டுக்கு நின்னா எந்த வார்டு?

ஒன்றிய_ஆபீஸ்_பழைய_ஆளு:

தலைவருக்கு நின்னா ஊராட்சி லிஸ்ட்டுல எந்த வார்டுல இருந்தாலும் கவலையில்ல. வார்டுக்குன்னா முன்மொழியறவரு அந்த வார்டு ஆளா இருக்கணும், உங்க பேரும் குடியிருக்கற இடத்துல இருக்கறது நல்லது, இல்லன்னா ஓட்டு கேக்கப் போறப்ப "உன் ஓட்டே இங்க இல்லையேப்பா"ன்னு கேப்பாங்க. பாரம் 8 குடுத்து மாத்திக்கங்க, லிஸ்ட்டு வெளியிடறதுக்கு முன்னாடி.

வார்டு_மெம்பரு_அக்கா:

அந்தக் குழுப் புள்ள பேரும் லிஸ்ட்டுல இருக்கான்னு பாருங்க தம்பி. கல்யாணம் ஆகி வந்த புள்ளைங்க பாதிப் பேருக்கு பொறந்த ஊர்லயே கெடக்கும்.